பூநாரை பார்க்க சூளூர்பேட்டை: கேள்வி பதில்

கும்மிடிப்பூண்டியிலிருந்து: அண்ணா, நவம்பர் கடைசியில் பழவேற்காடு ஏரிக்கு சூளூர்பேட்டை வழியாகப் போனோம். ஒரு பூநாரைகூட (பிளமிங்கோ) கண்ணில் படவில்லையே?

மாதத்தைவிடத் தண்ணீர் மட்டம்தான் முக்கியம் தம்பி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் ஏரியை நிரப்பிவிடும். பூநாரை நின்று மேயும் பறவை. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, அலகு விளிம்பில் தங்கும் பாசியையும் சிற்றுயிர்களையும் விழுங்கும். ஆழம் கூடினால் அதற்கு அங்கே வசதிப்படாது. தை பிறந்து நீர் வடிய வடியத்தான் சாலைப் பக்கம் நெருங்கி வரும். பொங்கல் கழிந்து வாருங்கள். மாசி முடிவில் ஓரம் காய்ந்து, மறுபடி தள்ளிப் போய்விடும்.

ஆரம்பாக்கத்திலிருந்து: எந்த இடத்தில் நிற்கலாம் சார்?

சூளூர்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியைக் குறுக்கே வெட்டி, மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்குப் பக்கத் தண்ணீரைப் பாருங்கள், வெளிச்சம் உங்கள் முதுகில் விழும். தெற்கே பார்த்தால் கறுப்பு உருவங்கள்தான் தெரியும். விடிந்ததிலிருந்து 9 மணி வரை நல்ல நேரம். பிறகு கானல் எழுந்து, பைனாகுலரில் எல்லாம் நெளியும். 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும். வண்டியை ஓரங்கட்டி, இறங்காமல் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். வண்டிக்கு அஞ்சாத பறவை, ஆள் இறங்கினால் விலகும். ராக்கெட் ஏவும் நாளில் இந்தப் பக்கம் வர வேண்டாம், கெடுபிடி இருக்கும்.

நாயுடுப்பேட்டையிலிருந்து: சேற்றில் இறங்கி கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

கூடாது. மேலே வெடித்துக் காய்ந்த தரைபோல் தெரியும், அடியில் களி. கால் புதைந்தால் செருப்பு திரும்பி வராது. அதைவிடப் பறவையை நினையுங்கள். மேய்ச்சலை விட்டு எல்லாத் தலையும் நிமிர்ந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், அடுத்தது பறப்பதுதான். அந்த முதல் நிமிர்விலேயே பின்வாங்குங்கள். இறக்கையின் சிவப்புக்காக விரட்டிப் பறக்கவிடுவது பெரும் பாவம். இரை தேடும் காலை நேரம் அதற்கு வீணாகிறது.

தடாவிலிருந்து: கூட்டத்தில் சில சாம்பல் நிறமாக இருந்தன. வேறு இனமா?

குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகள். உணவில் கிடைக்கும் நிறமி சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும்.

மறுபடி தடா: நடக்க நல்ல பாதை உண்டா அண்ணா?

நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். சூளூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. அங்குள்ள ஏரிக்கரை மேலேயே நடக்கலாம், பார்வைக் கோபுரமும் உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா (பெலிக்கன்) கூடு கட்டும். கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல், வெளிர் நிற உடையில் போகாமல், குரலைத் தாழ்த்தி நடங்கள்.