மெல்ல இறங்கும் ஜக்

கேள்வி: நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியை 10 தொன் போத்தல் ஜக்கால் உயர்த்தினால், ரயரைக் கழற்றி முடிக்குமுன் மெல்ல இறங்குகிறது. வெளியே ஒயில் கசிவில்லை. சீல் மாற்ற வேண்டுமா?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: முதலில், அச்சுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் ரயரில் கை வைக்காதீர்கள். வயல் மண்ணென்றால் ஜக்குக்கு அடியில் தடித்த பலகையும் வேண்டும்.

சீலுக்கு, அதாவது ஒயில் கசியாமல் தடுக்கும் இறப்பர் வளையத்துக்கு, காசு செலவழிக்க இப்போதே ஓட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு, இறக்கும் திருகாணிக்கு உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் குண்டில்தான். அது அமரும் இடத்தில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் போதும், பாரத்தைத் தாங்கும் ஒயில் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

பாரத்தைத் தூக்கும் தண்டை முழுதாக இறக்கி, ஒயிலை வடித்து, தட்டு ஒன்றின் மேல் வைத்துத் திருகாணியைக் கழற்றுங்கள்; குண்டு புழுதிக்குள் உருண்டால் தேடி எடுக்க முடியாது. குண்டையும் குழியையும் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திப் பூட்டுங்கள். தண்டு இறங்கிய நிலையிலேயே, 32ஆம் தர ஹைட்ரோலிக் ஒயிலை ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை விடுங்கள். பிறேக் ஒயில் கைக்கெட்டினாலும் வேண்டாம், இறப்பர் சீல் ஊதிப் பழுதாகும். திருகாணியைத் தளர்த்தி வைத்து 10, 15 தடவை கைபிடியை அடித்தால் உள்ளே அகப்பட்ட காற்றுப் போய்விடும்.

அதற்குப் பிறகும் இறங்கினால்தான் பிஸ்டன் சீலை மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். தண்டில் துருக்குழி இருந்தால் புதுச் சீலும் கிழியும். கரையோர உப்புக்காற்றில் ஜக்கை எப்போதும் தண்டு இறக்கியே வையுங்கள்.