ஸ்டென்ட் வைத்தாச்சு, சுகர் இறங்கவில்லையே?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு 61 வயது, நாள்பட்ட சுகர். மூன்று மாதம் முன்பு வேலூரில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வெறும் வயிற்றில் 190, சாப்பிட்ட பின் 280. "அடைப்புதான் போயிடுச்சே, வலியும் இல்ல, சுகரை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். சுகரால் ஸ்டென்ட்டுக்கு ஆபத்து உண்டா?

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூச்சு வாங்கல்தான் எனக்கு முதல் கவலை. நாள்பட்ட சுகர் நரம்புகளை மரத்துப்போக வைக்கும். இதயத்துக்கு ரத்தம் குறைந்தாலும் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, அசதி, மேல்வயிற்று எரிச்சல் என்றுதான் காட்டும். அதனால் வலி இல்லை என்று அப்பா நிம்மதியாக இருப்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த வாரமே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இசிஜி, எக்கோ பார்க்கச் சொல்வார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபத்து உண்டு. ஸ்டென்ட் திறந்துவிட்டது ஓர் இடத்தை மட்டும்தான். சுகர் எல்லா ரத்தக்குழாயையும் கெடுக்கிறது. வைத்த கம்பி வலையின் மேல் குழாயின் உட்சவ்வு மெல்லப் படர்ந்து மூட வேண்டும். சுகர் ஏறியே இருந்தால் அது சீராக நடப்பதில்லை. சிலருக்குத் திசு அளவுக்கு மீறி வளர்ந்து மறுபடி அடைக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டுவதால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் மறு அடைப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனாலும் சுகர்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்தான்.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலார் என இரண்டு மாத்திரை, பொதுவாக 6 முதல் 12 மாதம் வரை தருகிறார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பலருக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் கொஞ்சம் தளர்த்தலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சுகரோடு இதயத்துக்கும் உதவுபவை. அப்பாவுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். சிறுநீர் அதிகம் போகும் என்பதால் நம்மூர் மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். "கேழ்வரகுதானே, சுகர் ஏறாது" என்று நம் பக்கம் சொம்பு நிறையக் கூழ் குடிக்கிறார்கள். நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் மளமளவென்று ஏற்றும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள், அப்பாவே நம்புவார். சின்ன உருண்டைக் களியும் நிறையக் கீரைக் கடைசலும் பரவாயில்லை.

அவசரப்பட்டு இறக்குவதும் தப்பு. 70-க்குக் கீழே போனால் இதயத்துக்கே கெடுதி. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுத்தால், சுகர் இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். எனவே வியர்த்துக் கொட்டினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சுகர் குறையாதபோதே வியர்க்கிறது, அல்லது உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.