பிள்ளைகள் பேசினால் என்ன தவறு?

அன்புள்ள ஐயா,

கனடாச் சிறுவன் ஜோர்டனைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஆனால் அங்கே பழங்குடிப் பிள்ளைகளின் சம உரிமைக்காகப் பள்ளி மாணவர்களே அரசுக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்ற இடம் நெருடியது. பெரியவர்கள் வேலையில் பிள்ளைகளை இழுத்துவிடலாமா? நம் பக்கத்துக் காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை, தொண்டி

அன்புள்ள டீச்சர்,

ஆமாம், இதையேதான் சொல்வேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஜோர்டன் கதை சுருக்கமாக. 1999இல் மானிட்டோபா மாகாணத்தில், கிரீ பழங்குடிக் குடும்பத்தில், கடுமையான நோயோடு பிறந்தவன். இரண்டு வயதில் மருத்துவமனையை விட்டுப் போகலாம் என்றார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவு மத்திய அரசுடையதா, மாகாண அரசுடையதா என்று சண்டை. 2005இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே இறந்துபோனான். முதலில் பிள்ளைக்கு வேண்டியதைச் செய், செலவு யாருடையது என்பதை அப்புறம் பேசிக்கொள் என்ற கொள்கையை அவன் பெயரிலேயே 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. ஏற்றதோடு சரி. அதே ஆண்டு, பழங்குடிப் பிள்ளைகளின் உரிமைக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக்கும் தோழர்களும் கொடுத்த புகாரில், பழங்குடிப் பிள்ளைகளிடம் அரசு பாகுபாடு காட்டியது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்ல 2016 ஆயிற்று. அந்த விசாரணையைப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

உங்கள் கேள்விக்குச் சரியான பதில் ஷானன் கூஸ்டாசின் என்ற கனடாப் பழங்குடிச் சிறுமி. அட்டவாபிஸ்கட் என்ற ஊரில் பள்ளி நிலத்துக்குள் டீசல் கசிந்து, 2000இல் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தார்கள். 2008இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நயாகரா சுற்றுலாவை விட்டுவிட்டு, தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சரைப் பார்த்தார்கள். பள்ளி கட்டப் பணமில்லை என்று பதில் வந்தது. அவர்களில் ஒருத்தி ஷானன். மேல்படிப்புக்காக ஊரை விட்டு வெளியே தங்கியிருந்தவள், 2010இல் பதினைந்து வயதில் சாலை விபத்தில் இறந்தாள். பள்ளி 2014இல் திறந்தது. அந்தப் பிள்ளைகளை யாரும் போராட்டத்தில் இறக்கவில்லை. குளிரில் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தது அவர்கள்தானே? அதை அவர்களைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

நம் கரைக்கு வருவோம். தேவிபட்டினம் பக்கம் ஒரு காட்டுநாயக்கர் அம்மா பிளாஸ்டிக் கவரைப் பிரித்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினார். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மடித்து மடித்துக் கிழிந்த மனு நகல்கள். சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. அப்பாவுக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். அவருக்கு யார் கொடுத்தார்கள்? காட்டுநாயக்கர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள்தான். ஆனால் கோட்டாட்சியர் கையெழுத்து வராவிட்டால் கல்லூரி இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் ஏட்டோடு சரி. விசாரணை முடியட்டும் என்று அலுவலகம் காத்திருக்கலாம்; அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் சேரும் வயது காத்திருக்காது. என் பார்வையில் ஜோர்டனுக்கு நடந்ததும் இதேதான்.

ஒன்றில் உங்களோடு உடன்படுகிறேன். பிள்ளைகள் கையில் நாம் எழுதிய வாசகத்தைக் கொடுத்துப் படம் எடுக்கக் கூடாது. அவர்கள் சொல்லில், அவர்கள் கையெழுத்தில் எழுதட்டும். எழுத விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். மற்ற சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. வகுப்புத் தோழிக்குக் கிடைக்காதது அவர்களுக்கும் தெரியட்டும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பெற்றோரோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகம் போங்கள். மனு ரசீதை வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். நாள் சொன்னால் நானும் வருகிறேன்.