ரேஸ் டிராக்கில் ஓட்டும் காருக்கு எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போடலாம்?

கெட்டியாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். டயர் தரையை விடாமல் பிடித்திருப்பதுதான் முக்கியம்.

ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் எண் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பது) அப்படியே சக்கரத்துக்கு வந்து சேராது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49. ஸ்பிரிங்கின் எண்ணை இந்த வர்க்கத்தால் பெருக்கினால்தான் சக்கரத்தில் கிடைக்கும் கெட்டித்தன்மை தெரியும். ஆக, மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் ஸ்பிரிங், சக்கரத்தில் 49 நியூட்டன்தான். இந்த விகிதம் காருக்குக் கார் மாறும்; அதனால்தான் வேறொரு காரின் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போனால் முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள், அல்லது பின்பக்கத்தைக் கெட்டியாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். அப்புறம், ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது அது தரும் தடையையும், கூட்டுங்கள்; இல்லாவிட்டால் டிராக் ஓரத்தில் மேடாக இருக்கும் கெர்ப் மேல் ஏறி இறங்கியதும் கார் துள்ளிக்கொண்டே இருக்கும்.