ஈறில் இரத்தம் வருகிறது. நைட்ரிக் ஆக்சைடு கூட்டும் பொடி சாப்பிட்டால் நிற்குமா?

நிற்காது. டப்பாவை வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கினேன், என் அம்மாவுக்காக.

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இரத்தக் குழாயைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு என்று கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்ததை வகுப்பில் ஆசையாகச் சொல்வேன். அந்த ஆசையில்தான், உடல் நைட்ரிக் ஆக்சைடு செய்ய எடுத்துக்கொள்ளும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலப் பொடியை நம்பினேன். அம்மா சிறு வயதிலிருந்து கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். கரையேறியதும் வெற்றிலை, புகையிலை. துப்பிய சிவப்பில் இரத்தமும் கலந்திருந்தது எங்கள் கண்ணில் படவில்லை. ஏழு மாதம் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். ஒருநாள் கருவாட்டைக் கடித்தபோது முன்பல் ஆடியது.

நான் மறந்த பாதி இதுதான். ஈறோரம் படியும் கிருமிகளின் நஞ்சு பட்டதும் நம் தற்காப்பு அணுக்கள் ஒரு நொதியை முடுக்கி, நைட்ரிக் ஆக்சைடை ஏராளமாகச் சுரக்கின்றன. கிருமியைக் கொல்லத்தான். அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்துடன் சேர்ந்து, பெராக்சிநைட்ரைட் என்ற நச்சுப் பொருளாகி நம் திசுவையே அரிக்கிறது. இரத்தக் குழாயில் சிறிதளவு சுரப்பது வேறு, புண்பட்ட ஈறில் பெருகுவது வேறு. அந்தக் கிருமிப் படிவு கல்லாக இறுகிய பற்காரையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுக்காமல் அந்த அழற்சி அடங்காது.

கீரையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள். காரையை அது பெயர்க்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிகிச்சைக்குப் போன இடத்தில் சீட்டில் அம்மாவின் தொழிலை 'இல்லத்தரசி' என்று எழுதினார்கள். பாறையில் கிழிபட்ட விரல்களோடு எதிரில் உட்கார்ந்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருத்தச் சொன்னேன். பாசி எடுப்பது என்று கணினியில் ஒரு தொழிலே இல்லையாம். ஆண் கடலுக்குப் போனால் மீனவர், பெண் போனால் வீட்டில் இருப்பவரா?

அம்மாவுக்கு இரண்டு பற்கள் போயின. புகையிலையை விட்டுவிட்டார், மற்றவை நிற்கின்றன. நீங்கள் இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள், அது கூடியிருந்தால் ஈறு லேசில் ஆறாது.