சிங்கப்பூரில் வெட்டிவேரை அழகுப் புல்லாக வளர்க்க முடியுமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் தாங்கள், வெட்டிவேரை வாசலுக்கு அழகாகவும் வேருக்காகவும் தொட்டியில் வளர்க்க முடியுமா, அதன் இயல்பும் பயனும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் ஒரே தூரிலிருந்து அழகு, வேர் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. வேர் வேண்டுமானால் செடியைத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்பதால், பார்வைக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என இரண்டு தொட்டிகள் வைப்பதே என் பரிந்துரை.

வெட்டிவேர் பல ஆண்டுகள் நிலைத்து வாழும் புல் வகை. முன்பு வெட்டிவேரியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இப்போது கிரைசோபோகன் ஜிஜானியாய்டிஸ் என்று வகைப்படுத்தப்படுகிறது. தூர் கட்டி நிமிர்ந்து வளர்வதும், ஒன்றரை மீட்டர் உயரம் வரை எழுந்து நுனியில் மட்டும் மெல்ல வளைவதும்தான் இதன் அழகு. நம் ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் எலுமிச்சைப் புல்லோடு இளஞ்செடியைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். இலையைக் கசக்கி முகர்ந்தால் வேறுபாடு விளங்கிவிடும்: எலுமிச்சைப் புல் மணக்கும், வெட்டிவேரின் இலையில் அந்த மணம் இராது. அடிப்பகுதியை விரலால் பிடித்துப் பார்த்தால், இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விசிறிபோல் தட்டையாக இருப்பதையும் உணரலாம். வெட்டிவேரின் வாசனை முழுவதும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

அந்த வேர்தான் இந்தப் புல்லின் உண்மையான சிறப்பு. பெரும்பாலான புற்களின் வேர் மேல்மண்ணில் படர்ந்து நின்றுவிட, இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழிறங்கி, நல்ல மண்ணில் மூன்று, நான்கு மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியது. இதனால்தான் 1980களில் உலக வங்கி இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கு இதனை முன்னிறுத்தியது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் சாலையோரச் சரிவுகளில் வேலிபோல் வரிசையாக நடப்பட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். தென்னிந்திய வகை முளைக்கும் விதையைத் தருவதில்லை என்பதால், தோட்டத்தை மீறிக் களையாகப் பரவிவிடுமோ என்ற அச்சமும் தேவையில்லை. வாசனைத் திரவியத் தொழிலுக்கு இதன் எண்ணெய் இன்றியமையாதது. ஹைட்டியும் ஜாவாவும் அதில் பெயர்பெற்றவை. நமக்கோ கோயில் மாலை, குடிநீர்ப் பானை, துணி அலமாரி என்றால் வெட்டிவேர் தானாக நினைவுக்கு வரும்.

முளைக்கும் விதை கிடையாது என்பதால் சிம்பு, அதாவது தூரிலிருந்து வேரோடு பிரித்தெடுக்கும் தண்டுக் கொத்து, பிரித்துத்தான் நட வேண்டும். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் கடைகளில் கட்டாக விற்கும் காய்ந்த வேரை மண்ணில் புதைத்துப் பயனில்லை. உயிருள்ள தூர்ப்பகுதி இல்லாமல் எதுவும் துளிர்க்காது. தமிழ்நாட்டிலிருந்து செடியாகக் கொண்டுவர நினைத்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து பெற்ற தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சமூகத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு சிம்பு கேட்டு வாங்குவது அதைவிடச் சுலபம். தூர் பெருத்துவிட்டவர்கள் பொதுவாக மறுப்பதில்லை.

இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த சிம்பாக எடுத்து, இலையை ஒரு சாண் அளவுக்கும் வேரை அதில் பாதிக்கும் வெட்டிவிட்டு நடுங்கள். வெயில்தான் முதல் தேவை. நிழலில் இந்தப் புல் சாவதில்லை என்றாலும், இளைத்துச் சாய்ந்து பார்க்கச் சகிக்காமல் நிற்கும். எதிர் புளோக் வெயிலை மறைக்கும் தாழ்வாரமாக இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இத்தீவில் திறந்தவெளித் தூருக்குத் தண்ணீர்க் கவலை அதிகம் இல்லை. நீர் தேங்கினாலும், சில வாரம் காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குத்தான் நாம் ஊற்ற வேண்டும். தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் அதில் நீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதியையும், தொட்டியைத் தாழ்வாரக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை. இலையின் விளிம்பு சற்றே சொரசொரப்பானது என்பதால், குழந்தைகள் ஓடும் பக்கத்திலிருந்து தள்ளி வைக்கலாம்.

அழகுத் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் அடர்த்தியாக வரும். வெட்டிய இலையை மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம். வேர் நெருக்கித் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கத் தொடங்கினால், தூரைப் பிரித்து மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

வேருக்கான தொட்டி முடிந்த அளவு ஆழமாகவும், மண் பாதிக்கு மேல் மணலாகவும் இருக்கட்டும். களிமண்ணில் வளர்ந்த வேரைப் பிரித்தெடுப்பதற்குள் பாதி அறுந்துவிடும். கடலூர்ப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் இதைப் பயிரிடுவதற்கும் அதுவே காரணம். ஓராண்டுக்கு மேல், ஏறக்குறைய 15 மாதம் பொறுத்திருந்து, தொட்டியைச் சாய்த்துத் தூரோடு வெளியே எடுத்து, வேரை மட்டும் நறுக்கி, மண் போக அலசி நிழலில் உலர்த்துங்கள். மிஞ்சும் தூரைச் சிம்புகளாகப் பிரித்து அன்றே நட்டுவிட்டால் அடுத்த சுற்றுக்கு வெளியே தேட வேண்டியதில்லை.