மறதிக்கு மஞ்சள் கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சில மாதங்களாக மறதி அதிகம், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் சத்து கேப்சூல் கொண்டுவந்து, மூளை தெளிந்துவிடும் என்கிறார். மாதம் 3,000 ரூபாயாம். அம்மா இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குழம்பில், ரசத்தில் வழக்கமாகப் போடுகிற மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. கேப்சூல் விஷயம் வேறு.

மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் லேசில் போகாது. அதனால்தான் கேப்சூல்காரர்கள் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் 40 பேரைக் கொண்டு ஒன்றரை வருடம் நடத்திய ஆய்வில், எளிதில் உடலில் சேரும் வகைக் குர்குமின் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகசக்தி ஓரளவு கூடியது. அதில் சேர்க்கப்பட்ட யாருக்கும் டிமென்ஷியா என்கிற மறதிநோய் கிடையாது. இதை ஏஜென்ட் சொல்லமாட்டார். அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனைகளில் பலன் தெரியவில்லை.

உங்கள் அம்மா விஷயத்தில் பெரிய ஆபத்து வார்ஃபரின்தான். இந்த மாத்திரைக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு, அதாவது ஐ.என்.ஆர்., பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். நியூசிலாந்தில் வார்ஃபரின் சாப்பிட்டுவந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய பிறகு அது 10ஐத் தாண்டியது. அந்த அளவில் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியலாம். மூளைக்கு நல்லது என்று கொடுத்து மூளையையே கெடுத்துக்கொள்வதா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டிருக்க வேண்டும், சட்டம் அப்படி. பொடி எழுத்தில் அதைப் போட்டுவிட்டு, வீடு வீடாக ஆள் அனுப்பி மறதி போகும் என்று விற்கிறார்கள். உணவு உரிமம் கையில் இருந்தால் போதும், பலனை நிரூபிக்கச் சொல்லிக் கேட்பாரில்லை. புகார் கொடுத்தால் அது எந்தத் துறை மேசையில் தூங்கும் என்றும் எனக்குத் தெரியும். விற்பவருக்குக் கமிஷன், அவருக்கு மேலே இருப்பவருக்கும் கமிஷன். உங்கள் 3,000 அங்கேதான் போகிறது.

சமையலுக்கும் பளபளக்கிற உதிரித் தூள் வேண்டாம். நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற, ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். ஈயம் மூளைக்கு நேரடி விஷம். வங்கதேசத்தில் 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கி வேலை செய்ததும் 2021இல் பூஜ்யம். மனசு வைத்தால் முடியும், இங்கே யார் வைப்பது? விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவுக்கு பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், சிகிச்சையில் சரியாகவும் வாய்ப்புண்டு. அப்புறம் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கேப்சூலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள். டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.